டிஎல்குளோஸ் ஜீரோ தந்துவிட்டது, லைப்ரரி போய்விட்டதா?

ஓடும் ப்ராசஸில் ஷேர்டு லைப்ரரியை ஏற்றும் அழைப்பு டிஎல்ஓபன், இறக்கும் அழைப்பு டிஎல்குளோஸ். இறக்கிய பிறகு வரும் தொல்லைகள் பற்றியது இது. கெர்னல் லாகில் ஒரு செக்ஃபால்ட் வரி, அதாவது தொடக் கூடாத மெமரியைத் தொட்டு ப்ராசஸ் விழுந்த பதிவு. விழுந்த முகவரியும் இன்ஸ்ட்ரக்‌ஷன் பாயின்டரும் (சிபியு ஓட்டப் போன இடம்) ஒரே எண். அதன் பின்னால் எரர் 14. வழக்கமாக வரியின் வாலில் எந்த லைப்ரரிக்குள் விழுந்தது என்று பெயர் இருக்கும். இங்கே பெயரே இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கோர் டம்பை (விழுந்த நேரத்து மெமரியின் நகல்) திறக்கும் முன்பே பாதி விடை கிடைத்த மாதிரிதான். மெமரியில் இப்போது இல்லாத கோடுக்குள் ஒரு த்ரெட் கால் வைத்திருக்கிறது.

x86 லினக்ஸில் அந்த 14 பதினாறு அடிமான எண். அதிலுள்ள 4 என்றால் யூசர் மோடில் நடந்தது. 10 என்றால் டேட்டா படிக்கப் போகவில்லை, இன்ஸ்ட்ரக்‌ஷன் எடுக்கப் போயிருக்கிறது. கடைசி பிட் பூஜ்யம் என்றால் அந்தப் பக்கமே மேப் ஆகவில்லை. 14க்குப் பதில் 15 வந்தாலும் பெரும்பாலும் இதே நோய்தான். லைப்ரரி போன இடத்தில் வேறு ஏதோ டேட்டா வந்து உட்கார்ந்துவிட்டது, பக்கம் இருக்கிறது, ஓட்ட அனுமதி இல்லை. இரண்டையும்விட மோசமானது, அதே இடத்தில் இன்னொரு லைப்ரரியின் கோடு வந்து உட்காருவது. அப்போது க்ராஷ்கூட ஆகாது, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று ஓடும்.

பெங்களூரு வெளிவட்டச் சாலையை ஒட்டிய அலுவலகங்களில் பணப்பரிவர்த்தனை, விளம்பர ஏலம், சந்தை டேட்டா என்று நிறுத்தாமல் ஓடும் சர்வர்கள் ஏராளம். விதிகளை மட்டும் தனி ஷேர்டு லைப்ரரியாக எழுதி, சர்வரை நிறுத்தாமலே பழையதை இறக்கிப் புதியதை ஏற்றும் பழக்கமும் பரவலாக உண்டு. பகலில் எல்லாம் நன்றாக ஓடும். டிராஃபிக் குறைந்து த்ரெட் பூல் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் பின்னிரவில்தான் ஆன்-கால் போன் அடிக்கும். காரணம் எளிது: லைப்ரரியை இறக்கும் நிமிடத்தில் எதுவும் விழாது. அந்த லைப்ரரியை ஒரு முறையாவது தொட்ட த்ரெட் சாகும்போதுதான் விழும். த்ரெட் போகும்போது தனக்கென வைத்திருந்த பொருள்களின் டிஸ்ட்ரக்டர்களை (பொருளை அழிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்கள்) கூப்பிட வேண்டும். அந்த டிஸ்ட்ரக்டரின் கோடு இருந்த இடம் காலி. இடித்துவிட்ட வீட்டின் முகவரிக்குக் கூரியர் போன கதை.

கோர் டம்பை ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்து பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) எடுத்தால் முதல் சட்டத்தில் (ஃபிரேம்) வெறும் கேள்விக்குறிகள் இருக்கும். பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த சட்டத்தை. அங்கே என்பிடிஎல்-டீஅலோகேட்-டிஎஸ்டி என்று இருந்தால் பிதிரெட் கீ (ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென ஒரு மதிப்பு வைக்கும் இடம்) வழியாக வந்த டிஸ்ட்ரக்டர். கால்-டிஎல்எஸ்-டிடார்ஸ் என்று இருந்தால் சி++ த்ரெட்-லோக்கல் (த்ரெட்டுக்கு ஒரு பிரதி உள்ள மாறி) வழியாக வந்தது. ஹோஸ்ட் நிரலின், அதாவது லைப்ரரியை ஏற்றிய சர்வரின், ஏதோ ஒரு டிஸ்ட்ரக்டர் பெயர் ஒழுங்காகத் தெரிந்து, அதற்கு மேலே கேள்விக்குறி என்றால் அது மூன்றாவது ரகம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

செத்த முகவரியில் முன்பு யார் இருந்தார்கள் என்று கோர் டம்ப் சொல்லாது. அதனால் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் டிஎல்இன்ஃபோ மூலம் லிங்க்-மேப்பை (ஏற்றிய லைப்ரரி பற்றி லோடர் வைத்திருக்கும் பதிவு) வாங்கி, லைப்ரரியின் பாதை, அடிப்படை முகவரி, பில்ட் ஐடி மூன்றையும் லாகில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். பிறகு விழுந்த முகவரியிலிருந்து அடிப்படை முகவரியைக் கழித்து, மிச்சத்தை ஆடர்2லைன் கருவிக்குக் கொடுத்தால் கோப்பும் வரி எண்ணும் வந்துவிடும். இந்த ஒரு லாக் வரி இல்லாமல் நாள்கணக்கில் தேடும் குழுக்கள் உண்டு.

பழைய வழி: பிதிரெட் கீ

சி மொழி லைப்ரரிகளில் இதுதான் அதிகம். பிதிரெட்-கீ-கிரியேட் அழைக்கும்போது ஒரு டிஸ்ட்ரக்டர் ஃபங்ஷனின் முகவரியைக் கொடுக்கிறோம். ஜிலிப்சி (லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி) அந்த முகவரியை அப்படியே வைத்துக்கொள்ளும். அது எந்த லைப்ரரிக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை, எண்ணிக்கை எதுவும் வைப்பதில்லை. லைப்ரரி போனாலும் கீ இருக்கும். த்ரெட் முடியும்போது கீயில் நல் அல்லாத மதிப்பு இருந்தால், அந்த முகவரிக்குத் தாவும்.

லைப்ரரியின் ஃபினி கட்டத்தில், அதாவது டிஸ்ட்ரக்டர் ஆட்ரிப்யூட் போட்ட ஃபங்ஷனில், பிதிரெட்-கீ-டெலீட் கட்டாயம் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் க்ராஷ் நிற்கும். ஆனால் கீ-டெலீட் யாருடைய டிஸ்ட்ரக்டரையும் ஓட்டாது. ஒவ்வொரு த்ரெட்டும் கீயில் தொங்கவிட்டிருந்த மெமரி அப்படியே கசியும். கீ-டெலீட் மறந்தால் இன்னொரு தொல்லையும் கூட வரும்: ஜிலிப்சியில் ஒரு ப்ராசஸுக்கு மொத்தம் 1024 கீகள்தான். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கீ கசிந்தால், ஒருநாள் சம்பந்தமே இல்லாத வேறு லைப்ரரிக்குக் கீ கிடைக்காமல் இஅகெய்ன் பிழை வரும்.

கீ-டெலீட் போட்டாலும் ஒரு சின்ன சந்து மிச்சம் இருக்கிறது. வேறொரு த்ரெட் அந்த டிஸ்ட்ரக்டருக்குள் பாதி வழியில் இருக்கும்போது நீங்கள் லைப்ரரியை இறக்கினால், கீயை அழித்தும் பயனில்லை. இதைக் கீ அளவில் தீர்க்க முடியாது. த்ரெட்டுகளை ஒழுங்குபடுத்தித்தான் தீர்க்க வேண்டும்.

ஜிலிப்சி காப்பாற்றுகிறது, ஆனால்

சி++11 த்ரெட்-லோக்கல் பொருளுக்கு ஒன்றும் செய்யாத டிஸ்ட்ரக்டர் என்றால் எந்தப் பதிவும் இல்லை. வேலை இருக்கும் டிஸ்ட்ரக்டர் என்றால், அந்தப் பொருளை ஒரு த்ரெட் முதல்முறை தொடும்போது கம்பைலர் உருவாக்கிய கோடு சிஎக்ஸ்ஏ-த்ரெட்-அட்எக்ஸிட் என்ற ஃபங்ஷனை மூன்று தகவலோடு கூப்பிடும்: டிஸ்ட்ரக்டர், பொருளின் முகவரி, எந்த லைப்ரரி என்று காட்டும் டிஎஸ்ஓ ஹேண்டில். 2013இல் வந்த ஜிலிப்சி 2.18 முதல் இதற்குள்ளே இருப்பது ஜிலிப்சியின் சொந்த இம்பிள் ஃபங்ஷன். த்ரெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல். லைப்ரரி ஒவ்வொன்றுக்கும் லிங்க்-மேப்பில் ஒரு எண்ணி. பதிவானால் எண்ணி ஒன்று ஏறும், டிஸ்ட்ரக்டர் ஓடி முடிந்தால் ஒன்று இறங்கும். எண்ணி பூஜ்யம் ஆகாதவரை டிஎல்குளோஸ் அந்த லைப்ரரியை இறக்காது. அது சார்ந்திருக்கும் லைப்ரரிகளும் கூடவே நிற்கும்.

க்ராஷ் போச்சு. அதன் இடத்தில் வேறொரு கேள்வி வருகிறது. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய இதே வார்த்தைகளில்தான் கேட்பார்கள்.

“அண்ணா, டிஎல்குளோஸ் ஜீரோதான் குடுக்குது. ஆனா ப்ராசஸோட மெமரி மேப்ஸ்ல பார்த்தா லைப்ரரி அப்படியே உக்காந்திருக்கு. புது பில்ட் போட்டும் பழைய ரூல்தான் ஓடுது.”

“டிஎல்குளோஸ் ஜீரோ குடுத்தா, ‘உன் கோரிக்கையை வாங்கிட்டேன்’னுதான் அர்த்தம்ப்பா. எந்த த்ரெட் இன்னும் அதைப் பிடிச்சிட்டு இருக்குன்னு பாரு.”

பாசிக்ஸ் தரமும் டிஎல்குளோஸ் லைப்ரரியை மெமரியிலிருந்து நீக்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. நீக்காமல் நின்றுபோன லைப்ரரியின் ஸ்டாட்டிக் டிஸ்ட்ரக்டர்களும் ஓடாது. அதே பாதையை மறுபடி டிஎல்ஓபன் செய்தால் பழைய லிங்க்-மேப்தான் திரும்ப வரும். கன்ஸ்ட்ரக்டர்கள் மறுபடி ஓடாது, குளோபல் மாறிகள் பழைய மதிப்போடு இருக்கும். கோப்பை மாற்றிவிட்டோமே என்றால், லோடர் முதலில் பெயரைத்தான் ஒப்பிடுகிறது. பெயர் ஒன்றானால் டிஸ்கில் புதிய ஐநோட் (கோப்பின் அடையாள எண்) இருப்பதைப் பற்றிக் கவலைப்படாது. பெயர் வேறானாலும் சிம்லிங்க், ஹார்ட்லிங்க் வழியாக ஐநோட் ஒன்றானால் அதுவும் பழையதுதான். எனவே ஒவ்வொரு பில்டும் தனிப் பெயரோடு தனிக் கோப்பாக இருக்க வேண்டும். ஏற்றி வைத்திருக்கும் கோப்பின் மேலேயே சிபி கட்டளையால் எழுதுவது இன்னும் ஆபத்து. அது பழைய ஐநோட்டையே வெட்டி எழுதுவதால், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் சிக்பஸ் சிக்னல் வாங்கி விழும். பக்கத்தில் தற்காலிகப் பெயரில் எழுதி எம்வி செய்யுங்கள்.

நிற்கும் லைப்ரரி எப்போது போகும்? பிடித்திருந்த த்ரெட் முடிந்தவுடன் போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். போகாது. த்ரெட் முடிந்தால் எண்ணி மட்டும் இறங்கும். அடுத்து ஏதாவது ஒரு லைப்ரரியின் டிஎல்குளோஸ் உண்மையிலேயே பூஜ்யத்தைத் தொடும்போது லோடர் அந்த நேம்ஸ்பேஸ் முழுவதையும் சுற்றிப் பார்த்து, தேவையில்லாதவற்றைச் சேர்த்து இறக்கும். இதைத் தெரிந்தவர்கள் ஒரு குட்டி வெற்று லைப்ரரியை வைத்துக்கொண்டு, த்ரெட்டுகள் முடிந்த பிறகு அதை ஒருமுறை ஏற்றி இறக்குவார்கள். அசிங்கமான தந்திரம்தான், ஆனால் வேலை செய்யும்.

மெயின் த்ரெட் தொட்டிருந்தால் அதுவும் உதவாது. அந்த எண்ணி ப்ராசஸ் முடியும்வரை இறங்காது. பிளகினின் (இப்படி ஏற்றி இறக்கும் லைப்ரரி) இனிட் ஃபங்ஷனை மெயினிலிருந்து கூப்பிடுவது, அதற்குள் ஒரு லாக் வரி, அந்த லாகருக்குள் ஒரு த்ரெட்-லோக்கல் பஃபர். இவ்வளவு போதும், லைப்ரரி ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். பிளகின் கோடை மெயின் த்ரெட்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஏற்றுவதற்கென்று ஒரு தனி த்ரெட் வைத்து, டிஎல்ஓபன், இனிட் இரண்டையும் அதில் செய்து, ஜாயின் செய்துவிடுங்கள். டிஎல்ஓபனையும் சேர்த்துச் சொல்வது ஏன் என்றால், லைப்ரரியின் ஸ்டாட்டிக் கன்ஸ்ட்ரக்டர்கள் டிஎல்ஓபன் கூப்பிட்ட த்ரெட்டில்தான் ஓடும்.

இன்னொரு நுணுக்கம், அடிக்கடி வராது, வந்தால் கண்டுபிடிக்க நாளாகும். த்ரெட் முடியும்போது ஜிலிப்சி முதலில் த்ரெட்-லோக்கல் டிஸ்ட்ரக்டர்களை ஓட்டும், அதன் பிறகு பிதிரெட் கீ டிஸ்ட்ரக்டர்களை ஓட்டும். கீ டிஸ்ட்ரக்டர் ஒன்று, அந்த த்ரெட் அதுவரை தொடாத ஒரு த்ரெட்-லோக்கல் பொருளைத் தொட்டால் புதிதாகப் பதிவு நடக்கும், எண்ணி ஏறும். ஆனால் அந்தப் பட்டியலை ஓட்டும் கட்டம் ஏற்கெனவே கடந்துவிட்டது. த்ரெட் செத்தும் எண்ணி இறங்காது. லைப்ரரி நிரந்தரமாக நிற்கும். கீ டிஸ்ட்ரக்டருக்குள் லாக் எழுதாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது

முதலில் உண்மையிலேயே நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். டிஎல்குளோஸுக்குப் பிறகு அதே பாதையை நோலோட் (புதிதாக ஏற்றாதே) கொடியோடு டிஎல்ஓபன் செய்தால், நல் வந்தால் போய்விட்டது, ஹேண்டில் வந்தால் இன்னும் இருக்கிறது. ஹேண்டில் வந்தால் எண்ணிக்கை ஒன்று ஏறியிருக்கும், மறக்காமல் டிஎல்குளோஸ் செய்ய வேண்டும். எல்டி-டீபக் சூழல் மாறியில் ஃபைல்ஸ் என்று கொடுத்து ஓட்டினால் லோடரே கதையைச் சொல்லும். டிஎல்குளோஸுக்குப் பிறகு ‘காலிங் ஃபினி’யும் ‘டெஸ்ட்ராயிங் லிங்க் மேப்’பும் வராவிட்டால் லைப்ரரி நிற்கிறது.

நிற்பதற்குக் காரணம் த்ரெட்-லோக்கல் மட்டுமல்ல. ரீட்எல்ஃப் கருவியில் டைனமிக் பகுதியைப் பார்த்தால் நோடெலீட் (இறக்காதே) கொடி தெரியலாம். யாரோ லிங்க் செய்யும்போதே போட்டிருப்பார்கள். என்எம் பட்டியலில் சின்ன ‘யு’ எழுத்தோடு சிம்பல்கள் இருந்தால் அவை குனு யுனிக் வகை (ப்ராசஸ் முழுவதற்கும் ஒரே பிரதி). டெம்ப்ளேட்டுக்குள் ஸ்டாட்டிக் மாறி, இன்லைன் ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் மாறி இருந்தால் ஜிசிசி இதை உருவாக்கும். அப்படி ஒரு சிம்பல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டால் லைப்ரரி இறங்காது. நோ-குனு-யுனிக் என்ற கம்பைலர் தேர்வு இதை அணைக்கும். ஆனால் ஒரே மாறிக்கு லைப்ரரிக்கு ஒரு பிரதி வந்துவிடும் வாய்ப்பு உண்டு, யோசித்துப் போடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் த்ரெட்-லோக்கல்தான். ஜிடிபியில் சிஎக்ஸ்ஏ-த்ரெட்-அட்எக்ஸிட்-இம்பிள் மேல் பிரேக்பாயின்ட் வைத்து, ஒவ்வொரு முறையும் பேக்ட்ரேஸ் எடுத்துவிட்டுத் தொடரும்படி கட்டளை கொடுத்து, பிளகினை ஒருமுறை ஓட்டுங்கள். எந்த த்ரெட்டில், எந்த வரியில் பதிவாகிறது என்று வரிசையாக வரும். பிளகின் எழுதியவருக்கே தெரியாத பெயர்கள் அதில் இருக்கும்: உள்ளே ஸ்டாட்டிக்காக லிங்க் ஆன லாகர், ரேண்டம் எண் ஜெனரேட்டர், ஜேசன் பார்சரின் பஃபர். சிஐயில் (பில்டைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) இன்னும் எளிய காவல் போடலாம். பில்ட் ஆன லைப்ரரியில் என்எம் ஓட்டி, டைனமிக் சிம்பல்களில் சிஎக்ஸ்ஏ-த்ரெட்-அட்எக்ஸிட் என்று தொடங்கும் பெயர் தேவைப்படும் சிம்பலாக இருந்தால் பில்டை நிறுத்துங்கள். புதிதாக ஒரு சார்பு லைப்ரரி வழியாக உள்ளே நுழைந்தாலும் அன்றைக்கே பிடிபடும்.

எண்ணி காப்பாற்றாத இடம்

இதுதான் அதிகம் பேரை ஏமாற்றுவது. எண்ணி காப்பது த்ரெட்-லோக்கல் பொருளை அறிவித்த லைப்ரரியை. அந்தப் பொருளுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஹோஸ்ட் நிரலில் த்ரெட்டுக்கு ஒரு கேஷ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் எஸ்டிடி ஃபங்ஷன் அல்லது ஷேர்டு பாயின்டர் சேமிக்கிறோம். பிளகின் ஒரு லாம்டாவைக் கொண்டுவந்து அதில் போடுகிறது. கேஷின் டிஸ்ட்ரக்டர் பதிவானது ஹோஸ்டின் பெயரில். பிளகினின் எண்ணி பூஜ்யம். டிஎல்குளோஸ் எந்தத் தயக்கமும் இல்லாமல் பிளகினை இறக்கிவிடும். பிறகு த்ரெட் முடியும்போது ஹோஸ்டின் டிஸ்ட்ரக்டர் சரியாகவே ஓடத் தொடங்கி, உள்ளே இருக்கும் லாம்டாவை அழிக்கப் போய், பிளகினுக்குள் இருந்த கோடைக் கூப்பிடும். மேலே சொன்ன மூன்றாவது ரக பேக்ட்ரேஸ் இதுதான். ஷேர்டு பாயின்டரில் இன்னும் நுணுக்கம்: பொருள் ஹோஸ்டின் வகையாகவே இருந்தாலும், மேக்-ஷேர்டு கூப்பிட்டது பிளகின் என்றால் கன்ட்ரோல் பிளாக்கின் விடேபிள் (ஃபங்ஷன் முகவரிகளின் அட்டவணை) பிளகினுக்குள் இருக்கலாம்.

எக்செப்ஷன் பாயின்டரும் அப்படியே. ‘கடைசிப் பிழை’ என்று த்ரெட்டுக்கு ஒன்று சேமித்து வைக்கும் பழக்கம் பல சர்வர்களில் உண்டு. பிளகின் எறிந்த எக்செப்ஷன் அதில் இருந்தால் அதன் டிஸ்ட்ரக்டரும் டைப்-இன்ஃபோவும் பிளகினுடையவை. டிஸ்ட்ரக்டரே இல்லாத ரகமும் உண்டு: பிளகினின் சரம் ஒன்றை ட்ரேஸ் ஸ்பான் பெயராகப் பாயின்டர் மட்டும் வைத்துக்கொள்வது. அழிக்கும்போது விழாது, அடுத்த முறை ட்ரேஸ் எழுதும்போது விழும்.

இதற்கு ஒரே விதி. ஹோஸ்டின் த்ரெட்-லோக்கல் பொருள்களுக்குள் பிளகினின் வகை எதுவும் நுழையக் கூடாது. சரம் என்றால் ஹோஸ்ட் பக்கத்திலேயே நகல் எடுங்கள். பிழை என்றால் எல்லையிலேயே பிடித்து எண்ணும் செய்தியுமாக மாற்றுங்கள். கால்பேக் தேவை என்றால் பிளகின் ஐடியோடு மைய அட்டவணையில் வையுங்கள், இறக்கும் முன் அந்த ஐடிக்கு உரியதை மொத்தமாகத் துடைத்துவிடலாம். த்ரெட் த்ரெட்டாகத் தேடி அலைய வேண்டாம்.

ஒழுங்காக இறக்கும் வழி

பிளகின் நான்கு ஃபங்ஷன்களை வெளியே தர வேண்டும்: தொடக்கம், த்ரெட் நுழைவு, த்ரெட் விடுப்பு, முடிவு. பிளகினுக்குள் த்ரெட்டுக்கான நிலையை வெறும் பாயின்டராக மட்டும் த்ரெட்-லோக்கலில் வையுங்கள். வெறும் பாயின்டருக்கு டிஸ்ட்ரக்டர் இல்லை, பதிவு இல்லை, எண்ணி ஏறாது. அது சுட்டும் பொருளை உருவாக்கும்போதே மியூடெக்ஸ் போட்ட ஒரு மையப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். விடுப்பு ஃபங்ஷன் தன் த்ரெட்டின் பொருளை அழித்துப் பட்டியலிலிருந்து எடுக்கும். முடிவு ஃபங்ஷன் மிச்சம் இருப்பதை அழிக்கும். டீபக் பில்டில் மிச்சம் இருந்தாலே அபார்ட் ஆகட்டும். பாயின்டரோடு ஒரு தலைமுறை எண்ணையும் சேர்த்து வைத்தால் நல்லது. லைப்ரரி ஏதோ காரணத்தால் இறங்காமல் நின்று, மறுபடி தொடக்கம் ஓடினால், பழைய த்ரெட்டுகளில் செத்த பாயின்டர் மிச்சம் இருக்கும். எண் பொருந்தாவிட்டால் நல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இறக்கும்போது முதலில் பிளகினுக்குள் புது அழைப்பு போகாதபடி டிஸ்பேட்ச் அட்டவணையை அட்டாமிக்காக மாற்றுங்கள். உள்ளே ஏற்கெனவே இருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை பூஜ்யம் ஆகக் காத்திருங்கள். டைமர், நெட்வொர்க் கால்பேக் போன்றவற்றை ரத்து செய்யுங்கள். ரத்து செய்யச் சொன்னால் மட்டும் போதாது, ரத்தானது உறுதியாக வேண்டும். அதன் பிறகு பூலில் உள்ள ஒவ்வொரு த்ரெட்டிலும் விடுப்பு ஃபங்ஷனை ஓட்ட வேண்டும்.

இந்தக் கடைசி வேலையில் பலர் சறுக்குவார்கள். பூலில் 16 த்ரெட் என்றால் 16 வேலைகளை வரிசையில் போடுவது போதாது. சுறுசுறுப்பான ஒரு த்ரெட் ஐந்தை எடுத்துக்கொள்ளும், தூங்கும் த்ரெட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு வேலையும் விடுப்பை ஓட்டிவிட்டு, 16 பேரும் வந்து சேரும்வரை ஒரு பேரியரில் நிற்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் த்ரெட் இரண்டாவது வேலையை எடுக்க முடியாது, ஆகவே ஆளுக்கு ஒன்று உறுதி. அந்த நேரத்தில் பூல் வளரவோ சுருங்கவோ கூடாது, முன்பே பூட்டிவிடுங்கள். ஒரு த்ரெட் டேட்டாபேஸ் பதிலுக்காக நீண்ட நேரம் மாட்டியிருந்தால் மற்ற 15ம் சேர்ந்து நிற்கும். காலக்கெடு வைத்து, தாண்டினால் இறக்கும் முயற்சியைக் கைவிடுங்கள். கைவிடுவதில் ஒரு நஷ்டமும் இல்லை, பழைய லைப்ரரி மெமரியில் இருந்துவிட்டுப் போகட்டும். பூலின் கோடு உங்கள் கையில் இருந்தால், த்ரெட்டுக்கு ஒரு தனி வரிசை வைப்பது இன்னும் சுத்தம்.

பிளகின் தானாக உருவாக்கிய த்ரெட்டுகளை முடிவு ஃபங்ஷனுக்குள்ளேயே நிறுத்தி ஜாயின் செய்ய வேண்டும். ஜாயின் திரும்பியது என்றால் அந்த த்ரெட்டின் டிஸ்ட்ரக்டர்கள் எல்லாம் ஓடி முடிந்தன என்று உறுதி. டிடாச் செய்த த்ரெட்டுக்கு அந்த உறுதி இல்லை. ‘முடித்துவிட்டேன்’ என்று ஒரு கொடியை ஏற்றிவிட்டு ஃபங்ஷனிலிருந்து திரும்பும் அந்தக் கடைசிச் சில இன்ஸ்ட்ரக்‌ஷன்களும் லைப்ரரிக்குள்ளேதான் இருக்கின்றன. பிளகினில் டிடாச் தடை என்று ரிவ்யூவிலேயே எழுதி வைத்துவிடுங்கள். பிளகினின் த்ரெட் தன்னையே டிஎல்குளோஸ் செய்துகொள்வதும் இதே தற்கொலைதான். விண்டோஸில் இதற்கென ஃப்ரீ-லைப்ரரி-அண்ட்-எக்ஸிட்-த்ரெட் உண்டு. லினக்ஸில் அப்படி ஒன்று இல்லை.

பிறகு டிஎல்குளோஸ், நோலோட் சோதனை, லாகில் ஒரு வரி.

உள்ளே ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) இருந்தால் ஒரு சேதி. 1.1 தலைமுறையிலிருந்து, சாதாரணமாக பில்ட் செய்தால் அது தன்னைத் தானே மெமரியில் பொருத்திக்கொள்ளும். த்ரெட் முடியும்போதும் ப்ராசஸ் முடியும்போதும் ஓட வேண்டிய வேலைகள் இருப்பதால் எடுத்த முடிவு. ஸ்டாட்டிக்காக உங்கள் பிளகினுக்குள் லிங்க் செய்தால் பொருந்தி நிற்பது உங்கள் பிளகின். பொருத்துவதை அணைக்க நோ-பின்ஷேர்டு என்ற பில்ட் தேர்வு உண்டு. அணைத்தால் விடுப்பு ஃபங்ஷனில் ஓபன்எஸ்எஸ்எல்-த்ரெட்-ஸ்டாப் கூப்பிடும் பொறுப்பு உங்களுடையது.

ரஸ்ட் மொழி பிளகின்களுக்கும் இதே விதிதான். லினக்ஸில் அதன் த்ரெட்-லோக்கல் மேக்ரோவும் ஜிலிப்சியின் இம்பிள் ஃபங்ஷனைத்தான் பயன்படுத்துகிறது. ஹாட்-ரீலோட் செய்யப் பார்ப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கே. ஹோஸ்டிலேயே அந்தப் பெயரில் ஒன்றும் செய்யாத ஃபங்ஷன் எழுதிவிட்டால் லைப்ரரி இறங்கும் என்று ஒரு குறுக்குவழி சுற்றிக்கொண்டிருக்கிறது. இறங்கத்தான் செய்யும். ஆனால் ப்ராசஸில் எந்த த்ரெட்-லோக்கல் டிஸ்ட்ரக்டரும் ஓடாது, உங்கள் ஹோஸ்டுடையதும் சேர்த்து. டெவலப்பர் லேப்டாப்பைத் தாண்டி அதைக் கொண்டுபோகாதீர்கள்.

மற்ற தளங்கள் சுருக்கமாக. ஆல்பைனில் இருக்கும் மசல் லிப்சியில் டிஎல்குளோஸ் எதையும் இறக்குவதே இல்லை. அங்கே டெஸ்ட் பாஸ் ஆனதை வைத்து உபுண்டுவில் நம்பிவிடாதீர்கள். மேக்ஓஎஸ்ஸில் த்ரெட்-லோக்கல் இருக்கும் லைப்ரரியை அதன் லோடரான டைல்ட் இறக்காது. ஆண்ட்ராய்டில் 9ஆம் பதிப்புக்கு முன் நேரடியாக க்ராஷ். விண்டோஸில் ஃப்ரீ-லைப்ரரி கூப்பிட்ட த்ரெட்டுக்கு மட்டும் டிஸ்ட்ரக்டர் ஓடும். மற்ற த்ரெட்டுகளின் பொருள்கள் க்ராஷ் இல்லாமல் கசியும்.

இறக்கத்தான் வேண்டுமா?

இவ்வளவும் எழுதிவிட்டுச் சொல்கிறோம்: பெரும்பாலான சர்வர்களுக்கு இறக்காமல் விடுவதே சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளகின் 8 எம்பி, வாரம் ஒரு புதிய பதிப்பு என்றால் ஓராண்டுக்கு 416 எம்பி. செக்யூரிட்டி பேட்ச் போடாமல் ஓராண்டு ஓடும் ப்ராசஸ் இருந்தால் அதுவே தனிப் பிரச்சினை. அதிலும் கோடு பக்கங்கள் கோப்பிலிருந்து வருபவை, மெமரி நெருக்கடி வந்தால் கெர்னல் அவற்றை விட்டுவிடும். ஒரு லைப்ரரிக்கு நாலைந்து மேப்பிங்தான். லினக்ஸின் வழக்கமான 65530 வரம்பு எட்டாத தூரம்.

அப்படி முடிவெடுத்தால் அதை வெளிப்படையாகச் செய்யுங்கள். லிங்க் செய்யும்போதே நோடெலீட் கொடி போடுங்கள், அல்லது டிஎல்ஓபனில் ஆர்டிஎல்டி-நோடெலீட் கொடுங்கள். பதிப்புக்கு ஒரு கோப்புப் பெயர் என்ற விதி இங்கேயும் கட்டாயம். ஸ்டாட்டிக் டிஸ்ட்ரக்டர்கள் ப்ராசஸ் முடியும்போதுதான் ஓடும் என்பதால், ஃபைல், சாக்கெட், த்ரெட் எல்லாவற்றையும் முடிவு ஃபங்ஷனில் கைப்படவே மூடுங்கள். வெளியாட்கள் எழுதிய பிளகின் என்றால் தனி ப்ராசஸில் ஓட்டுங்கள். அங்கே இறக்குவது என்றால் ப்ராசஸை முடிப்பதுதான், வேறு சடங்கு எதுவும் வேண்டாம்.

இறக்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, டெஸ்டில் மூன்று வரிசைகளும் இருக்க வேண்டும்: த்ரெட்டுகள் செத்த பிறகு டிஎல்குளோஸ், டிஎல்குளோஸுக்குப் பிறகு த்ரெட்டுகள் சாவது, மெயின் த்ரெட் பிளகினைத் தொட்டுவிட்டு டிஎல்குளோஸ். முதல் இரண்டும், விடுப்பு ஃபங்ஷன் ஒழுங்காக ஓடியிருந்தால், நோலோட் சோதனையில் நல் தர வேண்டும். மூன்றாவது உங்கள் வெறும்-பாயின்டர் விதியை யாராவது மீறியிருந்தால் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றையும் ஓரிரு முறை ஓட்டிவிட்டு நிறுத்தாமல் இரண்டாயிரம் சுற்று ஓட்டுங்கள். பிதிரெட் கீ கசிந்தால் 1024ஐ நெருங்கும்போது தானாக வெளியே வரும்.

அட்ரஸ் சானிடைசர் வைத்து ஓட்டும்போது லைப்ரரி இறங்கிவிட்டதால் லீக் அறிக்கையில் ‘அன்நோன் மாட்யூல்’ என்று மட்டும் வரும். அந்த ஓட்டத்துக்கு மட்டும், ஒன்றும் செய்யாத டிஎல்குளோஸ் ஒன்றை எல்டி-ப்ரீலோடில் கொடுத்தால் பெயர்கள் தெரியும். வால்கிரைண்ட் என்றால் 3.14 முதல் கீப்-டீபக்இன்ஃபோ என்ற தேர்வு இருக்கிறது, அதற்கு ‘யெஸ்’ கொடுத்தால் போதும்.